ஃபீனிக்ஸ் இரண்டு முறை விழுந்த கதை: எக்ஸ்-மென் படவரிசையைப் பழுதுபார்த்த விதம்

2006 மே மாதம் வெளியான 'எக்ஸ்-மென்: தி லாஸ்ட் ஸ்டாண்ட்' படத்தில் பிறவியிலேயே அபூர்வ சக்தி கொண்ட 'மியூட்டன்ட்'களின் அணியான எக்ஸ்-மென்னில் ஒருவன், ஸ்காட் சம்மர்ஸ் என்கிற சைக்ளாப்ஸ், செத்துப்போகிறான். முந்தைய படத்தில் ஏரியில் மூழ்கிப்போன காதலி ஜீன் கிரே, அதே ஏரிக்கரையில் உயிரோடு நிற்கிறாள். அவன் கண்ணாடியைக் கழற்றுகிறாள், முத்தம் கொடுக்கிறாள். பிறகு அணித் தோழர்கள் லோகனும் ஸ்டார்மும் அங்கே போய்ச் சேரும்போது அந்தக் கண்ணாடி மட்டும் காற்றில் மிதந்துகொண்டிருக்கிறது. அவன் எப்படிச் செத்தான் என்றுகூடக் காட்டவில்லை. 1963இல் முதல் காமிக்ஸ் இதழ் வந்த நாளிலிருந்து அணியில் இருந்த ஒருவன், படத்தின் முற்பகுதியிலேயே இப்படிக் காணாமல் போய்விட்டான்.

எனக்கு இன்றும் ஆறாத காட்சி அது. படம் முடிந்து வெளியே வந்தபோது என்னோடு வந்தவர்கள் பேசியது ஒன்றே ஒன்றுதான்: இனி இதை வைத்துக்கொண்டு என்ன செய்வார்கள்? எல்லாவற்றையும் கலைத்துவிட்டு முதலிலிருந்து தொடங்குவார்களா, இல்லை இந்த ஓட்டை வண்டியையே ஓட்டுவார்களா?

இந்தப் படங்களை எடுத்த ஃபாக்ஸ் நிறுவனம் அந்தக் கேள்விக்குப் பதில் சொல்ல 13 ஆண்டுகள் எடுத்துக்கொண்டது. அந்தப் பதில் எல்லாவற்றையும் கலைத்துப் புதிதாகத் தொடங்கும் முழு ரீபூட்டும் இல்லை, நேரான தொடர்ச்சியும் இல்லை. சூப்பர்ஹீரோ படவரிசைகளில் பழுதான ஒன்றை எப்படிச் சரிசெய்வது என்று யோசிக்கிறவர்களுக்கு இதைவிட நல்ல பாடம் கிடைக்காது. ஏனென்றால் அவர்கள் ஒருமுறை அருமையாகச் சரிசெய்தார்கள். பிறகு அதே இடத்தில், அதே கதையில், மறுபடி விழுந்தார்கள்.

இருந்தது என்ன

2000ஆம் ஆண்டை நினைத்துப் பார்க்க வேண்டும். எக்ஸ்-மென் காமிக்ஸை வெளியிட்ட மார்வெல் நிறுவனம் 1996 டிசம்பரில் திவால் மனு கொடுத்திருந்தது. 1997இல் வந்த 'பேட்மேன் & ராபின்' சூப்பர்ஹீரோ படம் என்ற சொல்லையே கேலிக்குரியதாக ஆக்கிவிட்டது. அந்த நேரத்தில் சுமார் 7.5 கோடி டாலர் பட்ஜெட்டில் பிரையன் சிங்கர் எடுத்த 'எக்ஸ்-மென்' வந்தது. போலந்தில் 1944ஆம் ஆண்டு, மழையில், வதைமுகாமின் வாசலில் பெற்றோரிடமிருந்து பிரிக்கப்படும் ஒரு யூதச் சிறுவனோடு படம் தொடங்குகிறது. முகமூடிக்காரர்களின் சண்டையைப் பார்க்க வந்தவர்களுக்கு அந்தத் தொடக்கம் ஒன்றைச் சொல்லிவிட்டது: இந்தக் கதையில் வில்லனுக்கும் நியாயம் உண்டு.

உலகம் முழுவதும் 29 கோடி டாலருக்கு மேல் வசூல். 2003இல் வந்த இரண்டாம் படம் 40 கோடியைத் தாண்டியது. பேட்ரிக் ஸ்டூவர்ட்டின் பேராசிரியர் சேவியர், அந்தச் சிறுவன் வளர்ந்து வில்லனான இயன் மெக்கெல்லனின் மேக்னீட்டோ, ஹியூ ஜாக்மேனின் வுல்வரின் என்கிற லோகன் ஆகியோர் பாத்திரத்தோடு ஒட்டிக்கொண்டார்கள். ஜாக்மேன் முதலில் தேர்வானவரே இல்லை. டக்ரே ஸ்காட் வேறொரு படத்தின் படப்பிடிப்பில் மாட்டிக்கொண்டதால் கடைசி நேரத்தில் வந்தவர்.

இரண்டாம் படத்தின் கடைசிக் காட்சிதான் இந்த ஆய்வின் அச்சாணி. நண்பர்களைக் காப்பாற்ற ஜீன் கிரே தன்னைப் பலி கொடுக்கிறாள். அல்காலி ஏரியின் மேல் கேமரா பறக்கிறது, நீருக்கடியில் சிறகு விரித்த பறவை ஒன்றின் வடிவம் மங்கலாகத் தெரிகிறது. காமிக்ஸ் படித்தவர்களுக்கு உடம்பு சிலிர்த்தது. ஃபீனிக்ஸ் வரப்போகிறாள்.

அந்தக் கதை எவ்வளவு பெரியது என்பதைச் சொல்லாமல் மேலே போக முடியாது. கிறிஸ் கிளேர்மான்ட் எழுதிய எக்ஸ்-மென் இதழ்களில் ஜீன் ஃபீனிக்ஸாக எழுவது 1976இல். அவள் கெட்டு, ஒரு நட்சத்திரத்தை விழுங்கி, அதைச் சுற்றிய கோளில் வாழ்ந்த 500 கோடி உயிர்களைக் கொன்று, கடைசியில் நிலாவில் தன்னைத்தானே அழித்துக்கொள்வது 1980இல். கடைசிக் கட்டத்தை கிளேர்மான்ட்டோடு சேர்ந்து உருவாக்கியவர் ஓவியர் ஜான் பைர்ன். முதலில் அவர்கள் ஜீனைச் சாகடிக்க நினைக்கவில்லை. அவள் சக்தியை மட்டும் பிடுங்கிவிட்டு உயிரோடு விடுவதாக இருந்தது. தலைமை ஆசிரியர் ஜிம் ஷூட்டர் ஒப்புக்கொள்ளவில்லை. அத்தனை கோடிப் பேரைக் கொன்றவள் தண்டனை இல்லாமல் போகக் கூடாது என்றார். அதனால்தான் அந்த முடிவு.

வாசகர்கள் நான்கு ஆண்டுகள் அவளோடு வாழ்ந்தார்கள். அவள் சிரித்ததையும் காதலித்ததையும் கொஞ்சம் கொஞ்சமாக மாறியதையும் இதழுக்கு இதழ் பார்த்தார்கள். அதனால்தான் அந்தச் சாவு வலித்தது.

எங்கே பழுதானது

2004இல் சிங்கர் சூப்பர்மேன் படம் எடுக்கக் கிளம்பிவிட்டார். மூன்றாம் படத்துக்கு மேத்யூ வான் வந்தார், நடிகர்கள் சிலரைத் தேர்வு செய்தார், படப்பிடிப்புக்கு முன்பே விலகினார். பிரெட் ராட்னர் உள்ளே வந்தார். வெளியீட்டுத் தேதி மட்டும் அசையவில்லை: 2006 மே 26. சிங்கரின் 'சூப்பர்மேன் ரிட்டர்ன்ஸ்' அதற்கு அடுத்த மாதம்தான் வருவதாக இருந்தது. ஜேம்ஸ் மார்ஸ்டன் அந்தப் படத்திலும் நடித்தார். சைக்ளாப்ஸ் ஏன் அவ்வளவு சீக்கிரம் செத்தான் என்று கேட்பவர்கள் இந்தத் தகவலைப் பக்கத்தில் வைத்துப் பார்க்கலாம்.

திரைக்கதையில் இரண்டு பெரிய கதைகளை ஒன்றாகக் கட்டினார்கள். ஒன்று ஃபீனிக்ஸ். இன்னொன்று, மியூட்டன்ட்களைச் சாதாரண மனிதர்களாக்கும் மருந்து. இரண்டாவது 2004இல் வந்த 'அஸ்டானிஷிங் எக்ஸ்-மென்' இதழ்களிலிருந்து எடுத்தது. தனித்தனியாக ஒவ்வொன்றும் ஒரு முழுப் படத்துக்குத் தாங்கும். சேர்த்துக் கட்டியதில் மருந்துக் கதை முன்னால் வந்தது. ஜீன் பாதிப் படம் மேக்னீட்டோவுக்குப் பின்னால் பேசாமல் நிற்கிறாள். ஃபாம்கே யான்சென் போன்ற நடிகையை அப்படி நிற்க வைத்ததை என்னால் இன்றும் ஏற்க முடியவில்லை.

படம் முடியும்போது கணக்கு இப்படி இருந்தது. சைக்ளாப்ஸ் போய்விட்டான். சேவியர் துகள் துகளாகச் சிதறிவிட்டார். ஜீனை லோகனே கொன்றான். மேக்னீட்டோ, மிஸ்டிக், ரோக் மூவரும் சக்தி இழந்தார்கள். கடைசிக் காட்சியில் மேக்னீட்டோ ஒரு சதுரங்கக் காயை லேசாக அசைப்பதாகவும், பெயர்ப்பட்டியல் ஓடி முடிந்த பிறகு வரும் காட்சியில் சேவியரின் மனம் வேறொரு உடலில் விழிப்பதாகவும் காட்டிக் கதவைக் கொஞ்சம் திறந்து வைத்தார்கள்.

இதில் சிக்கல் என்னவென்றால் படம் ஓடியது. சுமார் 46 கோடி டாலர். அதுவரை வந்த மூன்றில் அதிக வசூல் இதற்குத்தான். ஒரு படம் மண்ணைக் கவ்வியிருந்தால் முடிவெடுப்பது சுலபம். தியேட்டர் நிறைந்தது, ஆனால் கதையில் அடுத்து நடக்க ஆளே மிச்சமில்லை என்ற நிலையில் எதைக் கலைப்பது, எதை வைத்துக்கொள்வது?

கையில் இருந்த வழிகள்

முழு ரீபூட்டுக்கு அப்போது கண்முன் இருந்த நல்ல உதாரணம் 'பேட்மேன் பிகின்ஸ்', 2005. அது ஏன் பிடித்துப்போனது என்பதைக் கவனிக்க வேண்டும். முந்தைய படத்துக்கும் இதற்கும் 8 ஆண்டு இடைவெளி. நான்கு படங்களில் மூன்று பேர் பேட்மேனாக மாறிவிட்டதால் யார் முகமும் மக்கள் மனதில் நிலையாகப் பதியவில்லை. அப்புறம், புரூஸ் வெய்ன் எப்படிப் பேட்மேன் ஆனான் என்பதை முந்தைய படங்கள் முழுமையாகச் சொன்னதே இல்லை. காலியாக ஒரு இடம் இருந்தது, அதில் புதுக் கட்டடம் எழுந்தது.

எதிர்ப்பக்க உதாரணம் ஸ்பைடர்மேன். மூன்றாம் படம் 2007இல் 89 கோடி டாலர் வசூலித்தும் யாருக்கும் திருப்தி இல்லை. நான்காம் படம் 2010 ஜனவரியில் கைவிடப்பட்டது, 2012இல் ரீபூட் வந்தது. பத்தே ஆண்டுகளில் மறுபடி சிலந்தி கடித்தது, மறுபடி பென் மாமா செத்தார். ஆண்ட்ரூ கார்ஃபீல்ட் நல்ல நடிகர், அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. ஆனால் காலி மனை இல்லாத தெருவில் வீடு கட்டச் சொன்னார்கள். 2014இல் இரண்டாம் படத்தோடு அந்த வரிசையும் நின்றது.

தொடர்ச்சிக்கும் ஒரு எச்சரிக்கை இருந்தது, அதுவும் சிங்கரின் கையாலேயே. 'சூப்பர்மேன் ரிட்டர்ன்ஸ்' முதல் இரண்டு சூப்பர்மேன் படங்களை வைத்துக்கொண்டு, மூன்றையும் நான்கையும் நடக்காதது போல் ஒதுக்கிவிட்ட படம். கிறிஸ்டோபர் ரீவின் சாயலில் புது நடிகர், அதே ஜான் வில்லியம்ஸ் இசை. சுமார் 39 கோடி டாலர் வந்தும் அடுத்த பாகம் வரவில்லை. 2013இல் சூப்பர்மேனை முதலிலிருந்து தொடங்கினார்கள். பழைய நடிகர் இல்லாமல் பழைய கதையைத் தொடர்வது எவ்வளவு கடினம் என்று அந்தப் படம் காட்டியது.

எக்ஸ்-மென்னுக்கு இருந்த நிலை வேறு. நடிகர்கள் இருந்தார்கள், மக்களுக்கு அவர்களைப் பிடித்தும் இருந்தது. கதைதான் முடிந்துபோயிருந்தது. ஆகவே ஃபாக்ஸ் பின்னோக்கிப் போனது.

முதல் முயற்சி 2009, 'எக்ஸ்-மென் ஆரிஜின்ஸ்: வுல்வரின்'. இதைப் பற்றி நீளமாகப் பேச மனமில்லை. முடிவடையாத பிரதி வெளியீட்டுக்கு ஒரு மாதம் முன்பே இணையத்தில் கசிந்தது. வாயாடி என்பதே அடையாளமான டெட்பூலின் வாயைத் தைத்துவிட்டார்கள். பழைய பழுதுக்கு மேல் புதுப் பழுது சேர்ந்தது.

இரண்டாவது முயற்சி 2011, 'ஃபர்ஸ்ட் கிளாஸ்'. மூன்றாம் படத்தைப் பாதியில் விட்டுப்போன அதே மேத்யூ வான் திரும்பி வந்தார். 1962, கியூபா ஏவுகணை நெருக்கடி, இளம் சார்லஸ் சேவியராக ஜேம்ஸ் மெக்அவாய், பின்னாளில் மேக்னீட்டோ ஆகும் இளம் எரிக்காக மைக்கேல் ஃபாஸ்பெண்டர். இது ரீபூட்டா, முன்கதையா என்று படமே சொல்லவில்லை. தொடக்கத்தில் 1944 வதைமுகாம் காட்சியை அப்படியே மறுபடி எடுத்தார்கள், ஜாக்மேன் ஒரு நிமிடம் எட்டிப் பார்த்தார். அப்படியானால் தொடர்ச்சிதான். ஆனால் பழைய படங்களோடு வைத்துப் பார்த்தால் ஒட்டவில்லை. சேவியர் 1962இலேயே நடக்க முடியாமல் போகிறார், எரிக்கும் பிரிந்துவிடுகிறான். மூன்றாம் படத்தின் தொடக்கத்திலோ, அதற்குப் பல ஆண்டுகள் கழித்து, இருவரும் ஒன்றாக நடந்துபோய்ச் சிறுமி ஜீனின் வீட்டுக் கதவைத் தட்டுகிறார்கள்.

அதைப் பற்றி யாரும் பெரிதாக அலட்டிக்கொள்ளவில்லை, நான் உட்பட. படம் நன்றாக இருந்தது, அதுதான் காரணம். இரண்டு மனிதர்கள் ஒருவரை ஒருவர் நேசித்து, ஒரே உலகத்தை இரண்டு விதமாகப் பார்த்துப் பிரிகிற கதை. வேறு எதையும் அதன் தலையில் ஏற்றவில்லை. இதுவும் அவசரத்தில் எடுத்த படம்தான். 2010 மே மாதம் வான் ஒப்புக்கொண்டார், 2011 ஜூனில் படம் திரையில். எனவே அவசரம்தான் 2006இன் ஒரே குற்றவாளி என்று சொல்லிவிட்டு நகர முடியாது. அவசரத்தில் ஒரு கதையைச் சொல்லலாம், இரண்டு கதையைச் சொல்ல முடியாது.

அழித்து எழுதிய படம்

இப்போது அவர்கள் கையில் இரண்டு அணிகள் இருந்தன. வயதான அணி மூன்றாம் படத்தின் இடிபாடுகளில் நின்றது. இளம் அணி 1962இல். இரண்டையும் இணைக்கும் கயிறு காமிக்ஸிலேயே இருந்தது. 1981 தொடக்கத்தில் வந்த 'டேஸ் ஆஃப் ஃபியூச்சர் பாஸ்ட்', இரண்டே இதழ்கள். சென்டினல் எந்திரங்கள் மியூட்டன்ட்களை வேட்டையாடும் எதிர்காலத்திலிருந்து அணியில் ஒருத்தியான கிட்டி பிரைடின் மனம் தன் பழைய உடலுக்குத் திரும்பி வந்து ஒரு கொலையைத் தடுக்கப் பார்க்கும் கதை.

2014 மே மாதம் அதே பெயரில் படம் வந்தது. சிங்கர் இயக்கம், திரைக்கதை சைமன் கின்பெர்க். காலப் பயணம் போகிறவள் கிட்டி இல்லை, லோகன். 2023இலிருந்து 1973க்கு. இந்த மாற்றத்தில் காமிக்ஸ் ரசிகர்கள் சிலருக்கு வருத்தம் உண்டு, அது நியாயமான வருத்தம். ஆனால் படவரிசையின் பழுதைச் சரிசெய்ய வந்த படத்துக்கு லோகனை விட்டால் வேறு ஆள் இல்லை. எல்லாப் படங்களிலும் இருந்தவன் அவன். நாம் பார்த்ததை எல்லாம் அவனும் பார்த்தவன்.

ஒரு காட்சியில், நடக்கவைக்கும் மருந்துக்கு அடிமையாகி நம்பிக்கை இழந்திருந்த இளம் சார்லஸ், லோகனின் மனம் வழியாக 2023இன் வயதான சார்லஸைச் சந்திக்கிறார். மெக்அவாயும் ஸ்டூவர்ட்டும் எதிரெதிரே. ஒரு பாத்திரத்தை ஏற்ற இரண்டு நடிகர்கள், ஒருவருக்கு மற்றவர் தைரியம் சொல்கிறார்கள். முழு ரீபூட் செய்திருந்தால் இப்படி ஒரு காட்சி எழுதவே முடியாது. பழையதை அப்படியே தொடர்ந்திருந்தாலும் முடியாது.

அப்புறம் அந்தக் கடைசிக் காட்சி. கடந்தகாலம் திருத்தப்பட்டுவிட்டது. லோகன் படுக்கையிலிருந்து எழுந்து, வகுப்புகள் நடக்கும் பள்ளியின் நடைபாதையில் நடக்கிறான். ஒரு கதவருகே ஜீன் நிற்கிறாள். ஃபாம்கே யான்சென். அவளைத் தொடப் போகும் கையை ஒருவன் தடுக்கிறான். கண்ணாடி போட்ட ஸ்காட். ஜேம்ஸ் மார்ஸ்டன். இருவரும் ஓரிரு வரிதான் பேசுகிறார்கள். ஏரிக்கரையில் மிதந்த கண்ணாடிக்கு எட்டு ஆண்டுகள் கழித்துப் பதில் கிடைத்தது. நான் அழுதேன், அதைச் சொல்வதில் எனக்குத் தயக்கம் இல்லை.

இதன் நுட்பம் என்னவென்றால், பழைய படங்கள் நடக்கவில்லை என்று இது சொல்லவில்லை. நடந்தன, லோகனுக்கு எல்லாம் நினைவிருக்கிறது, இப்போது வேறொன்று நடந்துவிட்டது என்கிறது. பார்வையாளனின் நினைவை ஒரு பாத்திரத்திடம் பத்திரமாகக் கொடுத்து வைத்துவிட்டுத்தான் பலகையை அழித்தார்கள். வசூல் 74 கோடி டாலரைத் தாண்டியது. அதுவரை வந்த எக்ஸ்-மென் படம் எதுவும் நெருங்காத எண்.

இது காமிக்ஸ் உலகிலிருந்தே வந்த பழக்கம் என்பது என் எண்ணம். டிசி நிறுவனம் தன் கதையுலகம் சிக்கலானபோது 1985-86இல் 'கிரைசிஸ் ஆன் இன்ஃபினிட் எர்த்ஸ்' மூலம் பல உலகங்களை ஒன்றாக்கிப் புதுக்கணக்குத் தொடங்கியது. 2011இல் எல்லா இதழ்களையும் எண் 1இலிருந்து மறுபடி ஆரம்பித்தது. மார்வெல் 1961இல் தொடங்கிய கதையுலகை அப்படி ஒட்டுமொத்தமாகக் கலைத்ததில்லை, ஒட்டுப்போட்டே வந்திருக்கிறது. 1980இல் செத்த ஜீனை 1986இல் திரும்பக் கொண்டுவந்தபோது, செத்தது ஜீனே இல்லை, அவள் உருவை எடுத்த ஃபீனிக்ஸ் சக்தி, உண்மையான ஜீன் நியூயார்க்கின் ஜமைக்கா விரிகுடா அடியில் ஒரு கூட்டுக்குள் கிடந்தாள் என்று எழுதினார்கள். கேட்பதற்கு எப்படி இருந்தாலும், பழைய இதழ்கள் எதுவும் அதனால் செல்லாததாகவில்லை.

அழிப்பானுக்குக் கொடுத்த விலை

2014 கோடையில் எக்ஸ்-மென்னுக்குக் கிடைத்த வாய்ப்பு சாதாரணமானதில்லை. மூன்றாம் படத்தின் சேதம் நீங்கியது, 1973க்குப் பிறகு எதை வேண்டுமானாலும் எழுதலாம், நடிகர்கள் இருந்தார்கள், ரசிகர்கள் திரும்பி வந்துவிட்டார்கள். ஐந்தே ஆண்டுகளில் எல்லாம் போனது எப்படி?

2016இல் 'அபோகலிப்ஸ்' வந்தது. கதை 1983இல் நடக்கிறது. அதில் ஒரு காட்சி: இளம் ஜீனும் ஸ்காட்டும் நண்பர்களும் 'ரிட்டர்ன் ஆஃப் தி ஜெடை' பார்த்துவிட்டு வருகிறார்கள். மூன்றாவது படம் எப்போதுமே மோசமாகத்தான் இருக்கும் என்கிறாள் ஜீன். 2006ஐக் குத்திக்காட்டும் வரி. குத்திக்காட்டிய படமோ அதே தவறைச் செய்தது: புதிய இளைஞர்கள், சார்லஸ், எரிக், மிஸ்டிக் என்ற பழைய மூவர், பூமியையே அழிக்க வந்த வில்லன், அவனுடைய நான்கு அடியாட்கள், எல்லாரும் ஒரே படத்தில். கிளைமாக்ஸில் சோஃபி டர்னரின் ஜீன் ஃபீனிக்ஸ் நெருப்பாக எழுந்து வில்லனை எரிக்கிறாள். நான்கு ஆண்டு இதழ்களில் வளர்ந்த ஒன்றைக் கடைசிச் சண்டைக்கான ஆயுதமாக எடுத்துச் செலவழித்துவிட்டார்கள்.

2019 ஜூனில் 'டார்க் ஃபீனிக்ஸ்'. எழுதி இயக்கியவர் சைமன் கின்பெர்க். 2006 படத்தின் திரைக்கதையை ஸாக் பென்னோடு சேர்ந்து எழுதியவரும் அவர்தான். அந்தப் படத்தில் ஃபீனிக்ஸ் கதைக்கு நியாயம் செய்யவில்லை என்று அவரே வெளிப்படையாக வருந்தியிருக்கிறார். தான் கெடுத்த கதையைத் தானே திருத்த இன்னொரு வாய்ப்பு. எத்தனை எழுத்தாளர்களுக்கு அது கிடைக்கும்? அவர் உண்மையான அக்கறையோடு இதில் இறங்கினார் என்றே நம்புகிறேன். மருந்துக் கதையை ஒதுக்கினார், ஜீனை நடுவில் நிறுத்தினார். 2006இல் எது தவறு என்று நினைத்தாரோ அதைத் திருத்தினார்.

படம் சுமார் 25 கோடி டாலர்தான் வசூலித்தது. பட்ஜெட்டோ 20 கோடி. விளம்பரச் செலவையும் தியேட்டர்களின் பங்கையும் சேர்த்தால் பெரிய நஷ்டம். முதன்மை எக்ஸ்-மென் படங்களில் மிகக் குறைந்த வசூல், 19 ஆண்டுகளுக்கு முன் 7.5 கோடியில் எடுத்த முதல் படத்தைவிடவும் குறைவு.

ஏன்? பலர் பல காரணம் சொல்கிறார்கள். வெளியீட்டுத் தேதி 2018 நவம்பரிலிருந்து 2019 பிப்ரவரிக்கும் பிறகு ஜூனுக்கும் தள்ளிப்போனது. கிளைமாக்ஸை மாற்றி மறுபடி படமெடுத்தார்கள். ஃபாக்ஸை டிஸ்னி வாங்கிய பேரம் 2019 மார்ச்சில் முடிந்ததால் இந்த வரிசைக்கு எதிர்காலம் இல்லை என்று பார்வையாளர்களுக்கும் தெரிந்திருந்தது. எல்லாம் உண்மை. ஆனால் எனக்குப் படுகிற முதல் காரணம் வேறு.

2006இல் ஜீன் இருந்தாள், அவளுக்குப் படத்தில் இடம் இல்லை. 2019இல் இடம் இருந்தது, ஜீன் இல்லை.

2006இன் ஜீன் இரண்டு படங்களில் நம்மோடு வாழ்ந்தவள், ஏரியில் மூழ்கியவள். அவள் கெட்டுப்போவதைப் பார்க்க நமக்குக் காரணம் இருந்தது. 2014இல் அழிப்பானை எடுத்தபோது மூன்றாம் படத்தின் சேதத்தோடு சேர்ந்து அந்த ஏரியும், நீருக்கடியில் தெரிந்த பறவையும் அழிந்தன. 2019இன் ஜீனை நாம் அதற்கு முன் ஒரே ஒரு படத்தில், கூட்டத்தில் ஒருத்தியாகப் பார்த்திருக்கிறோம். 'அபோகலிப்ஸ்' விதைத்த நெருப்பையும் புதுப் படம் மதிக்கவில்லை. 1992இல் விண்வெளியில் ஒரு மீட்புப் பணியின்போது வெளியிலிருந்து வந்து அவளுக்குள் புகுந்த சக்தி என்று வேறு கணக்குச் சொன்னது. காமிக்ஸில் நான்கு ஆண்டுகள் ஆன வீழ்ச்சி இங்கே இரண்டு மணி நேரத்துக்குள் முடிகிறது. விழுகிறவள் யார் என்று தெரியாமல் வீழ்ச்சியைப் பார்த்து யார் கலங்குவார்கள்?

வயதுக் கணக்கையும் சொல்ல வேண்டும். 1962இலிருந்து 1992 வரை 30 ஆண்டுகள் ஓடிவிட்டன, மெக்அவாயும் ஃபாஸ்பெண்டரும் அப்படியே இருக்கிறார்கள். பத்தாண்டுக்கு ஒரு படம் என்ற கணக்கு காகிதத்தில் அழகு. ஆனால் ஒவ்வொரு படத்துக்கும் நடுவே பத்தாண்டு வாழ்க்கை நமக்குத் தெரியாமல் நடந்துவிடுகிறது. தொடர்ச்சி என்ற பெயர் இருந்தது, தொடர்ந்து வாழ்ந்த அனுபவம் இல்லை.

கின்பெர்க்கும் ஃபாக்ஸும் 2006ஐ ஆராய்ந்தபோது கேட்டது, யார் செத்திருக்கக் கூடாது, எந்தக் கதை முன்னால் இருந்திருக்க வேண்டும் என்பதைத்தான். ஏன் அப்படி எழுத நேர்ந்தது என்பதை அந்த அளவுக்குக் கேட்கவில்லை. ஒரு பெரிய கதைக்குத் தேவையான படங்களைக் கொடுக்காமல், அதன் உச்சத்தை மட்டும் எடுத்துக் கோடைக்கால வெளியீடாக்கும் பழக்கம் 2006இல் இருந்தபடியே 2019லும் இருந்தது.

ரீபூட் செய்திருந்தால்?

இந்தக் கேள்விக்கு ஊகம் தேவையில்லை. அதே ஃபாக்ஸ், அதே காலத்தில், தன்னிடமிருந்த இன்னொரு மார்வெல் வரிசையை ரீபூட் செய்து பார்த்தது. 'ஃபென்டாஸ்டிக் ஃபோர்' 2005இலும் 2007இலும் இரண்டு படங்களாக வந்து தலா 30 கோடி டாலருக்குக் குறையாமல் வசூலித்தது. யாருக்கும் பெரிய பாசம் இல்லை, பெரிய கோபமும் இல்லை. கலைக்கத் தகுந்த வரிசை என்றே சொல்லலாம். 2015இல் ஜோஷ் டிராங்க் இயக்கத்தில் புது நடிகர்கள், புதுத் தொனி, புதுத் தொடக்கம். எழுதியவர்களிலும் தயாரிப்பாளர்களிலும் கின்பெர்க் இருந்தார். இயக்குநருக்கும் நிறுவனத்துக்கும் மோதல், பெரிய அளவில் ரீஷூட், முன்பாதிக்கும் பின்பாதிக்கும் சம்பந்தமில்லாத படம். சுமார் 17 கோடி டாலரோடு அதுவும் அங்கேயே நின்றது.

பழைய கதையைத் திருத்தித் தொடர்ந்த வரிசையும், எல்லாவற்றையும் துடைத்துவிட்டுத் தொடங்கிய வரிசையும், ஒரே வீட்டில் ஒரே மாதிரி உடைந்தன.

அதே வீட்டில் பிழைத்த இரண்டு படங்களும் உண்டு. 2016இன் 'டெட்பூல்' 5.8 கோடி டாலரில் எடுத்து 78 கோடி வசூலித்தது. 2009இல் வாய் தைக்கப்பட்ட அதே ரையன் ரெனால்ட்ஸ், அதே பாத்திரம். பழைய வடிவத்தை விளக்கம் எதுவும் சொல்லாமல் தூக்கிப்போட்டுவிட்டு நடிகரை மட்டும் வைத்துக்கொண்டார்கள். ஒரு வரிசைக்குள்ளேயே ஒற்றைப் பாத்திரத்துக்கு நடந்த ரீபூட் அது.

2017இன் 'லோகன்' எதிர்த்திசையில் போனது. ஜேம்ஸ் மேன்கோல்ட் இயக்கம், 10 கோடிக்கும் குறைவான செலவு, 61 கோடிக்கு மேல் வசூல், தழுவல் திரைக்கதைக்கு ஆஸ்கர் பரிந்துரை. படவரிசையின் காலவரிசைக் கணக்கில் இது எங்கே பொருந்துகிறது என்று கேட்டால் சரியான பதில் இல்லை. ஆனால் 17 ஆண்டுகள் ஒரே பாத்திரத்தில் இருந்த ஜாக்மேனின் நரைத்த தாடியும், நினைவு தப்பிப்போன சேவியராக ஸ்டூவர்ட்டின் நடுங்கும் கையும் இல்லாமல் அந்தப் படமே இல்லை. தண்ணீர்த் தொட்டிக்குள் கிழவரை மறைத்து வைத்து மருந்து கொடுத்துக் காப்பாற்றும் லோகனைப் பார்க்கும்போது, முதல் படத்தில் அதே கிழவர் அவனுக்கு அடைக்கலம் கொடுத்தது நினைவுக்கு வருகிறது. புதிதாக ஒருவரை வைத்து ஆரம்பித்தால் அந்த நினைவை எங்கே போய் வாங்குவது?

அதனால், என்னிடம் யாராவது ஒரு பழுதான வரிசையைக் காட்டி ரீபூட்டா தொடர்ச்சியா என்று கேட்டால், மக்கள் அந்தப் பாத்திரங்களில் யாருடைய முகத்தைத் தங்கள் வீட்டு ஆள் போல நினைவில் வைத்திருக்கிறார்கள் என்றுதான் முதலில் கேட்பேன். அப்படி யாரும் இல்லையென்றால் தாராளமாகக் கலைக்கலாம், பேட்மேனுக்கு அப்படித்தான் நடந்தது. இருந்தால் கலைக்கக் கூடாது. அப்புறம் இரண்டாவது கேள்வி: போன முறை கதையைக் கெடுத்த வேலைமுறை இன்னும் இருக்கிறதா? இருந்தால், எந்த வழியில் போனாலும் அது கூடவே வரும்.

டிஸ்னி கைக்கு வந்த பிறகு நடப்பதையும் குறிக்க வேண்டும். ஃபாக்ஸ் 2017இல் படமெடுத்து முடித்த 'தி நியூ மியூட்டன்ட்ஸ்' 2020 ஆகஸ்டில் வெளியாகி, பழைய வரிசையை ஓசையில்லாமல் முடித்துவைத்தது. 2024இல் 'டெட்பூல் & வுல்வரின்' படத்துக்காக ஜாக்மேன் திரும்பினார், வசூல் 130 கோடி டாலரைத் தாண்டியது. புது நடிகர்களோடு முதலிலிருந்து தொடங்கும் எக்ஸ்-மென் படத்துக்கு ஜேக் ஷ்ரையர் இயக்குநராகத் தேர்வாகியிருக்கிறார். அது ரீபூட். அதற்கு முன், 2025 மார்ச்சில், 'அவெஞ்சர்ஸ்: டூம்ஸ்டே' படத்தின் நடிகர்களை அறிவிக்க மார்வெல் பல மணி நேரம் ஒரு நேரலை நடத்தியது. வரிசையாக நாற்காலிகள், ஒவ்வொன்றின் முதுகிலும் ஒரு பெயர். பேட்ரிக் ஸ்டூவர்ட், இயன் மெக்கெல்லன், ரெபெக்கா ரோமைன் என்று பழைய எக்ஸ்-மென் பெயர்கள் வந்துகொண்டே இருந்தன. அவற்றில் ஒரு நாற்காலியில் ஜேம்ஸ் மார்ஸ்டன் என்று எழுதியிருந்தது.